லாரி டிரைவர் பேருக்கு வந்த பத்திரிகை

பாளையம்பட்டியில் நாங்கள் வாடகைக்குப் போன வீட்டுக்கு எங்களைத் தேடி ஒரு கடிதமும் வந்ததில்லை. வந்ததெல்லாம் எங்களுக்கு முன் அங்கே தனியாகக் குடியிருந்த லாரி டிரைவர் பேருக்குத்தான். பொங்கல் வாழ்த்து வரும், கோயில் கொடை நோட்டீஸ் வரும், எந்த ஊரிலிருந்தோ கிளீனர்கள் போட்ட கார்டு வரும். தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தால், "அவுக எங்க போனாகன்னு எனக்கும் தெரியலையே, வந்தா குடுத்துருங்க" என்று எங்கள் தலையிலேயே கட்டிவிட்டுப் போய்விடுவார். அப்பா அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைப்பார். அடுத்தவர் கடிதத்தின் விலாசத்தைப் படிக்கவே கூச்சப்படுகிறவர் அவர். எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. உறைக்குள் ஜிகினா அட்டை இருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவில் போட விடுவேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. காது குத்தியிருக்கவில்லை. மாமா மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், மாமா வரட்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் அண்ணனான அந்தத் திருச்சுழி மாமாவை நான் பார்த்ததே இல்லை. அவர் வராதவரை காதுக்கு வலியில்லை என்பதால் நானும் அவரைப் பற்றி விசாரித்ததில்லை.

ஒரு வைகாசி மாதம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஒன்று டிரைவர் பேருக்கு வந்தது. அப்பா வழக்கம்போல டப்பாவை எடுத்தார். அம்மா பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"மஞ்ச தடவி வாசலுக்கு வந்தத டப்பாவுல போட்டு மூடுவாகளா?"

உறை ஒட்டாமல்தான் இருந்தது. அம்மா பிரித்துப் படித்தாள். கல்யாணம் எம்.ரெட்டியபட்டியில், அந்த வாரமே. பொண்ணுக்குத் தாய்மாமன் என்று அடியில் டிரைவரின் பேர் அச்சாகியிருந்தது.

"கூடப் பெறந்த அண்ணனுக்கு வெத்தல பாக்கு வச்சு நேர்ல அழைக்காம தபால்ல அனுப்பியிருக்காகன்னா, பேச்சுவார்த்த இல்லைன்னு அர்த்தம். இதுவும் போய்ச் சேரலைன்னா, கூப்புடலைன்னு அவுக இருப்பாக, வரலைன்னு இவுக இருப்பாக. காலம் பூரா இப்பிடியே கெடப்பாக."

சொல்லிவிட்டு அம்மா பத்திரிகையை முந்தானையால் துடைத்து அப்பா கையில் வைத்தாள். அப்பா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

அருப்புக்கோட்டை லாரி செட்டில் டிரைவரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஆள் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார், எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா பத்திரிகையை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. கல்யாணத்தன்று காலையில் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, "கைக்குச் சேரலைன்னு அந்தம்மாட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருவோம், கெளம்புங்க" என்றாள். முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் பஸ் ஏறினோம்.

பந்தல் வாசலில் எந்த ஊர் என்று கேட்டார்கள். பாளையம்பட்டி, டிரைவர் இருந்த வீட்டிலிருந்து வருகிறோம் என்று அம்மா சொன்னதுதான் தாமதம், பொண்ணைப் பெற்ற அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கண்ணன் அனுப்பிச்சாகளா?"

அம்மா நடந்ததைச் சொன்னாள். அந்தம்மா, "அப்ப கெடைக்காமத்தான் வரல. கெடச்சும் வராம இருக்கல" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதோடு எங்களை விட்டிருக்கலாம். மேளச் சத்தத்தில் பாதி மட்டும் காதில் விழுந்த பெரியவர் ஒருவர், "மாமன் வீட்டு ஆளுக வந்தாச்சு, மாலையக் குடுங்கப்பா" என்று கத்திவிட்டார். அடுத்தவர் கடிதத்தைத் தொடக் கூசிய அப்பாவின் கையில் அடுத்தவர் மருமகளுக்குப் போட வேண்டிய மாலை ஏறியது. அவர் வியர்த்து வழிந்து, "நான் வெறும் வாடகைக்கு இருக்கேங்க" என்று மணமேடையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பாடு கொண்டாட்டம்தான். முதல் பந்தியிலேயே உட்கார வைத்து நான் கேட்காமலே எனக்கு இன்னொரு கேசரி வைத்தார்கள்.

அப்போதுதான் தெருவில் லாரி ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. பஞ்சுப் பொதி ஏற்றிய லாரியைப் பந்தல் ஓரமாக நிறுத்திவிட்டு, தலையெல்லாம் பஞ்சு ஒட்ட, காக்கிச் சட்டையோடு ஒருவர் குதித்தார். சட்டைப் பையில் மஞ்சள் மூலை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏத்தா, தாய்மாமனுக்கு எவளாவது தபால்ல பத்திரிக அனுப்புவாளா?"

"தபாலுக்கே வந்துட்டீகள்ல, பெறகென்ன?" என்றார் தங்கச்சி, அழுதுகொண்டே.

பந்தலே சிரித்தது. அப்பா விறுவிறுவென்று போய் மாலையை டிரைவர் கையில் வைத்தார். "இதுவும் ஒங்க பேருக்கு வந்ததுதான்" என்றார். அப்பா அவ்வளவு சந்தோஷமாக எதையும் யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் டிரைவர் எங்களை லாரியிலேயே வீட்டில் விடுவதாகச் சொல்லி முன்னால் ஏற்றிக்கொண்டார். நான் ஜன்னல் ஓரம். அம்மா மடியில் கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை. லாரி ஊர் எல்லை தாண்டும்வரை அவள் அந்தப் பைக்குள் இருந்த வெற்றிலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எங்கள பாளையம்பட்டியில எறக்க வேணாம். திருச்சுழியில விட்டுருங்க" என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியே அல்ல அது. ஏன் என்று டிரைவர் கேட்கவில்லை. அப்பா தன் துண்டை உதறி அம்மாவிடம் கொடுத்தார், முகத்தைத் துடைத்துக்கொள்ள. லாரி திரும்பியது. லாரிப் பயணம் நீண்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் இருக்கையில் குதித்து, ஹாரனை ஒருமுறை நானே அடிக்க அனுமதி வாங்கி, வழியில் போன ஆடுகளையெல்லாம் அலற வைத்தேன். என் இரண்டு காதுகளையும் குத்தத்தான் அந்த லாரி போகிறது என்று தெரியாமல்.