பழனியம்மாவை அழித்த வெள்ளிக்கிழமை

1. அழிய மறுத்த பதிவு

இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் எங்கள் தேயிலைத் தோட்டக் கம்பெனிக்குப் புதிய மென்பொருள் வந்தது. ஹட்டன் அலுவலகத்தில் டேட்டாபேஸ் என் பொறுப்பு. திங்கட்கிழமையிலிருந்து தோட்டங்களில் பெயர்ப் புத்தகம் கிடையாது, கம்ப்யூட்டர் லிஸ்ட்தான் என்று உத்தரவு. அதற்குள் இரண்டு முறை பதிவான ஆட்களின் பதிவுகளில் ஒன்றை டிலீட் செய்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஒன்றைத் தவிர எல்லாம் முடிந்தது. பூண்டுலோயாப் பக்கத் தோட்டம் ஒன்றில் மு. பழனியம்மா என்று இரண்டு பதிவுகள். அதில் ஒன்றை அழிக்கப் போனால், 'இந்தப் பதிவு வேறோர் இடத்தில் பயன்பாட்டில் உள்ளது' என்று எரர். எந்த இடம் என்று அது சொல்லவில்லை. டேபிள் டேபிளாகத் தேடினேன். கடைசியில் பிள்ளைமடுவத்து டேபிளில் அகப்பட்டது. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அவளுடைய நம்பரின் கீழ் ஒரு மகன் இருந்தான். முந்தின நாளும் வந்திருந்தான். மற்றப் பழனியம்மாவுக்குப் பிள்ளையே இல்லை.

இவர்கள் இரண்டு பேர், தோட்டத்துக்குப் போன் செய்து கேட்போம் என்று மேனேஜரிடம் சொன்னேன். கொழும்புக்கு ரிப்போர்ட் அனுப்பும் அவசரத்தில் இருந்தார்.

"ஒரே பேரு, ஒரே அப்பா பேரு. அந்தத் தடையை ஆஃப் பண்ணிட்டு அழிங்க" என்றார்.

மாட்டேன் என்றேன். அப்படியானால் பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். அவரே உட்கார்ந்து தடையை எடுத்துவிட்டு, தாயையும் பிள்ளையையும் சேர்த்து அழித்தார். நான் பக்கத்து நாற்காலியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2. பெரட்டுக்களம்

திங்கள் காலை, மலை வேலையை மேற்பார்க்கும் தோட்டத்துக் கண்டாக்கு போன் செய்தார். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் வாசித்தபோது பழனியம்மா என்று ஒரு பேர்தான் வந்ததாம். பஸ் பிடித்துப் போனேன். ஆபீஸ் வாசலில் பையனை இடுப்பில் வைத்தபடி அவள் நின்றாள். மடுவத்து லிஸ்டிலும் அவன் இல்லை. மற்றப் பழனியம்மா மலைக்குப் போகாமல் அவளுக்குத் துணையாக நின்றாள். உங்களில் யார் நிஜமான பழனியம்மா என்று ஆபீஸ் கிளாக்கர் இருவரையும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை வரைக்கும் கொழுந்து எடுத்தேங்க. இன்னைக்கு நீ இல்லேங்குறாங்க. யாருங்க என்னய அழிச்சது?" என்று என்னிடம் கேட்டாள்.

சிஸ்டம் கோளாறு என்று சொல்லும்படி மேனேஜர் சொல்லியனுப்பியிருந்தார்.

"எங்க ஆபீஸ்லதாங்க அழிச்சாங்க. அதுக்குச் சாவி குடுத்தது நான்தான்" என்றேன்.

"அப்ப நீங்களே எழுதி வைங்க" என்றாள்.

கண்டாக்கிடம் லிஸ்டை வாங்கி, அதில் இல்லாத தாய், பிள்ளை பேர்களைக் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான், பையனை மடுவத்தில் விட்டுவிட்டு, இரண்டு பழனியம்மாவும் மலைக்குப் போனார்கள்.

3. திருப்பி ஏற்றியது

வெள்ளிக்கிழமைக் காலை எடுத்துவைத்த பேக்கப்பை அப்படியே ஏற்றினால் அதற்குப் பின் பதிந்ததெல்லாம் போய்விடும். ஆகவே அதை வேறொரு மெஷினில் விரித்து, அவளுடைய பதிவுகளை மட்டும் எடுத்தேன். முதலில் தாய், பிறகு பிள்ளை. மாற்றிச் செய்தால் ஏறாது. மற்ற டிலீட்களையும் ஒவ்வொன்றாகத் தோட்டங்களிடம் கேட்டுச் சரிபார்த்தேன். ஒரு வாரம் ஆனது.

அறிக்கையில் சாஃப்ட்வேர் பிழை என்று எழுதச் சொன்னார் மேனேஜர். தடையை நீக்கியவர் பெயரையும் பாஸ்வேர்டு கொடுத்தவன் பெயரையும் எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் எனக்கு மட்டும் வந்தது. அவருக்குக் கொழும்புக்கு மாற்றம், பதவி உயர்வோடு.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். டிலீட் மறுக்கப்பட்டால், மறுப்பதற்கு என்ன காரணம் என்று முதலில் தேடுங்கள். தேடிக் கண்டுபிடித்த பிறகு, யார் மேசையைத் தட்டினாலும் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அன்று எனக்குக் காரணம் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். அவர் மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. என் மேல் உள்ளது இன்னும் ஆறவில்லை.