மண்டபத்துக் கரையில் தண்ணீர் காட்டியவள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவளை நான் பார்த்தது பட்டப்பகலில்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து மண்டபத்துக்குக் கட்டட வேலைக்குப் போன எங்கள் கூட்டத்துக்கு நான்தான் மேஸ்திரி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நாங்கள். என் மனைவி ராஜம்மாவுக்கு அப்போது தமிழே தெரியாது. தங்க ஓலைக் கொட்டகை, குடிக்க உப்புத் தண்ணீர். எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு, என் கைக்குழந்தைக்குக் கண்ணே செருகிவிட்டது. நல்ல தண்ணீர் கொடுக்காமல் சாரம் ஏற மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டோம்.

"வேணும்னா தோண்டிக் குடிங்கய்யா, யாரு வேணாங்குறா?" என்றார் காண்டிராக்டர்.

எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் ஆழத்தில்தான் கிடைக்கும். அந்த வழக்கத்தில் ஆள் உயரத்துக்குத் தோண்டினோம், போகப் போக இன்னும் கரித்தது.

அப்போது ஒரு பெண்பிள்ளை குழி ஓரத்தில் வந்து நின்றாள். "ஏலே, இங்கன ஆழமாத் தோண்டுனா கடத்தண்ணிதான் வரும். மொழங்கை ஆழத்துல நிப்பாட்டு."

ஏலே என்றதே எனக்கு எரிச்சல். காண்டிராக்டர் அனுப்பிய ஆளாக இருக்கும், வேலைநிறுத்தத்தைக் கலைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அந்தக் கரையில் நான் ஒருத்தரையும் நம்பவில்லை. யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன், அவள் நேராக எங்கள் கொட்டகைக்குள் நுழைந்தாள். குழந்தையிடம் இவளுக்கு என்ன வேலை என்று பின்னாலேயே ஓடினேன். உள்ளே ராஜம்மாவும் குழந்தையும் மட்டும்தான். இப்போதுதான் வெளியே போனாள் என்கிறாள் ராஜம்மா. இருப்பது ஒரே வாசல், அதில் நான் நிற்கிறேன்.

வேறு வழியில்லாமல் தள்ளிப் போய் முழங்கை ஆழம் தோண்டினேன். நம்பினால் நம்புங்கள், இளநீர் மாதிரி தண்ணீர். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பக்கத்து மீனவர்களிடம் விசாரித்தேன்.

"இப்படித் தோண்டுறது எங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்ணே. ஆனா நீங்க சொல்ற பொம்பள இங்கன யாருமில்ல" என்றார்கள்.

அதன்பிறகு எந்த ஊர் வேலையானாலும் முதலில் குடிதண்ணீரைக் காட்டுங்கள், பிறகு வருகிறோம் என்று கறாராகப் பேசித்தான் போவோம்.

வேலை முடிந்து திரும்பும்போது ரயிலில் ராஜம்மாவிடம், அந்தப் பெண் தண்ணீருக்கு வழி சொன்னாளே, புண்ணியவதி என்றேன்.

"தண்ணீரா? என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லையே" என்றாள் அவள். "நம் தெலுங்கில்தான் சொன்னாள். குழந்தையைக் கூட்டிப்போக வந்தேன், இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் வருகிறேன் என்றாள்."

அந்தக் குழந்தைக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். அவளிடம் இதை நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை.