அஞ்சலை இடத்தில் கடை விரித்தேன்

நாலு நாள் கடை விரிச்சு, நாலு நாளும் ஒரு பிடி நெத்திலிகூட விக்காம அதே சாக்கைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். அஞ்சாவது நாள் மழை. கருவாட்டுல ஈரம் ஏறிருச்சு. மாதா கோயில் வாசல்ல சாக்கை இறக்கி வெச்சுட்டு, உள்ள போகக்கூடத் தெம்பில்லாம உக்காந்து அழுதேன். இது போன ஐப்பசியில நடந்தது. நம்ம அன்பிய ஜெபக் கூட்டத்துல எல்லாரும் சொல்லு சொல்லுன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. எனக்குத்தான் வெக்கம். ஏன்னா இதுல தப்புப் பண்ணினவளே நான்தான்.

எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். நாலு குடும்பமா வடக்க நல்லவாடுங்கற மீன்பிடி ஊருக்கு, போட்டுல கூலி வேலைக்கு வந்தோம். ரெண்டாம் வருஷம் வலை இழுக்கையில எங்க வீட்டுக்காரருக்கு முதுகு போச்சு. அரியூர் ஆஸ்பத்திரியில வைத்தியம் பாக்கப் போக வர வசதின்னு வில்லியனூர்ல ஒத்தை ரூம் பிடிச்சோம். இனி கடலுக்குப் போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கடலைத் தவிர அவரு என்னத்தக் கண்டாரு? சுவத்தைப் பாத்துப் படுத்தவர்தான்.

மக ஜெனி அப்ப பிளஸ் டூ. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் சேக்குற ஒருத்தன் வந்தான். புள்ளைய அனுப்புங்க, தங்க இடம், சாப்பாடு எல்லாம் உண்டுன்னான். கல்லறைத் திருநாள் கழிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னான். நான் வேண்டாம்னு சொல்லல. சொல்ல என்கிட்ட என்ன இருந்துச்சு? ஜெனி புஸ்தகத்தையெல்லாம் ஒரு பையில அடுக்கிப் பரண்ல போட்டா. அழுதிருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

எங்களை மாதிரி ஊர் விட்டு ஊர் வந்தவங்க கடை பிடிச்சு யாவாரம் பண்ண முடியுமா? மார்க்கெட்டுல ஒரு சாக்கு விரிக்க இடம் கெடச்சாப் போதும், அதை வெச்சுக் காலூணிக்கலாம். நல்லவாட்டு நம்ம ஆளுங்க கருவாடு கொடுத்துவிட்டாங்க. வில்லியனூர் மார்க்கெட்டுல கீரைக்காரங்க வரிசையில ஒரு இடம் காலியாக் கெடந்துச்சு. காஞ்ச பூவும் கற்பூரக் கரியுமா இருந்துச்சு. குப்பைன்னு பெருக்கித் தள்ளிட்டுச் சாக்கை விரிச்சேன்.

பக்கத்துல கத்திரிக்காய் விக்கிற சாந்தி அக்கா, "யம்மா, அது அஞ்சலை இடம். எழுந்துரு"ன்னாங்க.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நான் காசு கட்டிச் சீட்டு வாங்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். அஞ்சலை வந்து கேக்கட்டும், அவகிட்ட நான் பேசிக்கிடுதேன்"ன்னேன்.

சாந்தி அக்கா என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. அதோட சரி. அந்த வரிசையில ஒருத்தரும் என்கிட்ட முகம் கொடுக்கல. வாங்க வர்றவங்ககிட்ட மெதுவா என்னமோ சொல்வாங்க, அவங்க என்னைத் தாண்டிப் போயிருவாங்க. பிழைக்க வந்தவதானேன்னு ஒதுக்குதாங்கன்னு நினைச்சேன். மாதாவுக்கு ஒம்பது நாள் ஜெபம், நவநாள் ஆரம்பிச்சேன். என்ன வேண்டினேன் தெரியுமா? "மாதாவே, இந்தப் பொம்பளைங்க யாவாரமில்லாம ஈ ஓட்டட்டும்"னு வேண்டினேன். வாய் கூசல எனக்கு.

மழையில நனைஞ்சு அழுத அன்னிக்கு மறுநாள் கல்லறைத் திருநாள். கல்லறையில எல்லாரும் அவங்கவங்க ஆளுக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏத்துவாங்க. எங்க அப்பா அம்மா கல்லறை தெக்க கெடக்கு. இங்க எங்களுக்குன்னு யாரும் கெடையாது. ஆனாலும் வெறுங்கையோட போக மனசில்லாம, பெரிய சிலுவையடியில வைக்கலாம்னு மார்க்கெட்டுல ஒரு முழம் பூ கேட்டேன்.

பூக்காரம்மா பூவை அளக்காம என்னையே பாத்தாங்க. "இன்னாமா, செத்தவங்களுக்கா? நாங்க அஞ்சலைக்கு வெச்ச பூவைப் பெருக்கித் தள்ளுன. இப்ப நீ யாருக்கு வைக்கப் போற?"

"அஞ்சலை செத்துட்டாங்களா?"

"அய்ய, தெரியாதா உனக்கு?"

அப்புறம்தான் சொன்னாங்க. அந்த வரிசையில யாராச்சும் செத்துட்டா கருமாதி முடியிற வரைக்கும் அவங்க இடத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாங்களாம். தினம் பூ வைப்பாங்களாம். கருமாதிக்கு மறுநாள் வூட்டு ஆளுங்க வந்து, அடுத்து உக்காரப் போறவங்ககிட்ட முதல் ஆளா வாங்கிப் போணி பண்ணி இடத்தைக் கொடுப்பாங்களாம். சாந்தி அக்காவோட நாத்தனார் அதுக்குத்தான் காத்திருக்காங்களாம்.

அஞ்சலை வந்து கேக்கட்டும்னு சொன்னேனே! பாவி நான், எந்த வாயால சொன்னேன்!

சாயங்காலம் சிலுவையடியில பூவை வெச்சு அஞ்சலை பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினேன். காத்துல அணைஞ்சு அணைஞ்சு போச்சு. "மாதா தாயே, எனக்கு என்ன கேக்கன்னு தெரியல. இடத்தைக் கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. நீயாவது அந்தப் பொம்பளைகிட்ட எனக்காக மன்னிப்புக் கேளு"ன்னேன். வேற ஜெபம் வரல.

மறுநாள் சாந்தி அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவங்க திரும்பிக்கிட்டாங்க. மார்க்கெட்டுக்கு வெளிய ரோட்டோரம் சாக்கடைப் பக்கத்துல உக்காந்தேன். பஸ் போறப்பெல்லாம் சேறு அடிச்சுது. சனிக்கிழமையும் அங்கதான். விடிஞ்சா திருப்பூர்க்காரன் வருவான். எனக்கு அழுகைகூட வரல.

அன்னிக்குத்தான், கருமாதி முடிஞ்ச மறுநாள்னு, அஞ்சலையோட மக கலா வந்துச்சு. உள்ள வரிசையே எந்திரிச்சு நின்னுச்சு. நாத்தனாரு புதுச் சேலையோட தயாரா நின்னாங்க. கலா அங்க ரெண்டு வார்த்தை பேசிட்டு, நேரா ரோட்டுக்கு வந்துச்சு.

"நீதான் எங்கம்மா இடத்துல குந்துனியா?"

"தெரியாமப் பண்ணிட்டேன்மா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நாலு நாளா ஒருத்தரும் போணி பண்ணலியாமே?"

"இல்லம்மா."

அது குனிஞ்சு ஒரு கருவாட்டைக் கையில எடுத்துப் பாத்துச்சு. "எங்கம்மா இருந்திருந்தா உன்னைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கும். கிழிச்சிட்டு, கையோட கால் கிலோ வாங்கினு போயிருக்கும். அதுக்குக் கருவாடு இல்லாம சோறு எறங்காது"ன்னு சொல்லும்போதே அழுதுருச்சு. "எழுந்து வாக்கா. உள்ள வந்து குந்து."

அஞ்சலை இடத்துல கலாவே என் சாக்கை விரிச்சுச்சு. ஈரமா இருக்கும்மான்னு சொன்னேன். பரவால்ல குடுன்னு கால் கிலோ வாங்கிட்டுப் போச்சு. அதுதான் அந்த இடத்துல என் முதல் போணி.

அந்தப் புள்ளைக்கு ஏன் அப்படித் தோணுச்சுன்னு நான் இன்னும் கேட்டதில்ல. எனக்குத் தெரியும், யார் போய்ச் சொல்லியிருப்பாங்கன்னு: சிலுவையடியில நான் தூது விட்ட அந்தத் தாய்தான்.

ஞாயித்துக்கிழமை வந்த ஆளைத் திருப்பி அனுப்பிட்டேன். ஜெனி பையை இறக்கிப் புஸ்தகத்தைப் பிரிச்சா. பரீட்சையில பாஸாயிட்டா. சாந்தி அக்கா என்கிட்ட பேச தை மாசம் ஆச்சு. நாத்தனாருக்குப் போக வேண்டிய இடம், அவங்க கோவமும் நியாயம்தான். எங்க ஊர்க்காரங்க இன்னும் ரெண்டு குடும்பம் பாகூர்ப் பக்கம் சாக்கு விரிச்சிருக்காங்க. புதுசா யார் வந்தாலும், இந்த இடத்துல முன்னாடி யார் உக்காந்திருந்தாங்கன்னு கேட்டுட்டு உக்காருங்கன்னுதான் முதல்ல சொல்லுதேன்.

எல்லாம் சரியாயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரரு இன்னும் குச்சி ஊணித்தான் நடக்காரு. முதல் போணி ஆகுற வரைக்கும் இன்னைக்கும் வர்றவங்க முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன். ஆனா உங்கள்ல யாராச்சும் வழியத்துப் போய், என்ன கேக்கன்னுகூடத் தெரியாம இருந்தீங்கன்னா, வார்த்தை தேடிக்கிட்டு நிக்காதீங்க. போய் அந்தத் தாய் முன்னால உக்காருங்க, போதும். எனக்குக் கெடச்சது நான் வாய் திறந்து கேக்காதது.