முன் கண்ணாடியில் உள்ளேயிருந்து விழுந்த அடி

தட்டுக்காரரின் வலது கட்டைவிரல் கோணலாக இருப்பதற்கு ஒரு கார்க் கதவுதான் காரணம். தரகன் ஒருவன் அந்த விரலைக் கதவிடுக்கில் வைத்து ஓங்கிச் சாத்தினான். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை மூழ்கிய வண்டி என்று சொன்னதுதான் அவர் செய்த குற்றம். விரல் நசுங்கிய நிலையிலும் மனிதர் சும்மா இருந்தாரா? இடது கையால் ஜாக்கிக் கம்பியை எடுத்துத் தரகனின் முழங்காலில் ஒரு போடு போட்டார். ஒரே ஆஸ்பத்திரியில், அடுத்தடுத்த கட்டிலில் கிடந்து, தையல் போட்டு முடிக்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் திட்டித் தீர்த்தார்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு வண்டியைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது அவர் தொழில். விரல் முட்டியால் தகரத்தைத் தட்டியே எந்த நசுங்கலைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். தட்டுக்காரர் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அவருக்கென்று ஒரு முறை உண்டு. காதோடு காதாக எதையும் சொல்லமாட்டார். விற்பவர், வாங்குபவர் இருவரையும் வண்டிக்கு முன்னால் நிறுத்தி, முதலில் நிறை, பிறகு குறை என்று ஊரே கேட்கச் சொல்வார். இருபத்தெட்டு வருடத்தில் இதற்காக அவர் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை. கொடுத்ததும் குறைவில்லை. அந்தக் கோபம் வீட்டு வாசலோடு நின்றுவிடும் ரகமும் இல்லை. அவர் மனைவியைக் கேட்டால் தெரியும், யாரும் கேட்டதில்லை.

அன்று கூப்பிட்டது மாப்பிள்ளை. ஒரே மகளைக் கட்டிக்கொண்டு மூன்று வருடமாகிறது. தன்னுடைய குட்டி எஸ்யூவியை ஒரு மருந்துக்கடைக்காரருக்கு விற்க ஏற்பாடு செய்திருந்தார்.

"மாமா சொன்னா மறுபேச்சே கிடையாது. நாலு வார்த்தை நல்லதா சொல்லுங்க மாமா."

"இருந்தா சொல்றேன் மாப்பிள்ளை. இல்லாததை வரவழைக்க நான் மந்திரவாதியா?"

பழைய வண்டிகள் நிற்கும் மைதானத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். சொல்ல ஆரம்பித்தார். இன்ஜின் சுத்தம். உயரமான வண்டி, குண்டும் குழியுமான ரோட்டில் வயிறு தட்டாது. உட்கார்ந்தால் ரோடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். சின்ன சந்தில்கூட ஒரே மூச்சில் திருப்பலாம். பிறகு குறைக்கு வந்தார். வேகம் எடுத்தால் வளைவில் ஆடும். காற்றுச் சத்தம் காதைப் பிளக்கும். பின் கண்ணாடி சின்னது, ரிவர்ஸ் எடுக்கும்போது கடவுளை நம்ப வேண்டும்.

"பின்னாடி மூணு பேர் உட்காரலாமா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"தாராளமா. இறங்கினதுக்கு அப்புறம் மூணு பேரும் பேசிக்க மாட்டாங்க."

முன் கண்ணாடியில், ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டுக்கு நேராக, பெரிய ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. உரித்தார். அடியில் சிலந்தி வலைபோல விரிசல்.

"லாரி டயர்லேருந்து கல்லு தெறிச்சது மாமா."

வெளிப்பக்கம் நகத்தை ஓட்டினார். கல் பட்ட குழி இல்லை. கண்ணாடி வெளியே லேசாகப் புடைத்திருந்தது. உள்ளே போய்த் தடவினார். சொரசொரவென்று குத்தியது. விரிசலுக்குள் ஒரு நீள முடி மாட்டியிருந்தது.

"வண்டி எங்கயாவது மோதுச்சா?"

"சேச்சே! ஒரு கீறல் கிடையாது மாமா."

அது உண்மைதான். பம்பர் போல்ட்டுகளில் ஸ்பேனரே பட்டதில்லை, பம்பரை ஒருமுறைகூடக் கழற்றியதில்லை என்பதை அவரே பார்த்திருந்தார். மோதாத வண்டியில் ஒரு தலை கண்ணாடியில் போய் இடிக்காது. யாராவது பிடித்து இடிக்க வேண்டும்.

போன மாதம் மகள் நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்திருந்தாள். குளியலறையில் வழுக்கியது என்றாள். எந்த விற்பவனின் பேச்சையும் நம்பாத மனிதர் அதை அப்படியே நம்பினார். பார்த்து நடக்கத் தெரியாதா என்று அவளைத் திட்டவும் செய்தார்.

வழக்கம்போலவே உரக்கச் சொன்னார்: "கடைசிக் குறை. முன் கண்ணாடியில உள்ளேயிருந்து விழுந்த அடி. என் பொண்ணு தலை."

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. "குடும்ப விஷயத்தை இங்க எதுக்கு மாமா... அவ வாய் சும்மா இருக்காது, உங்களுக்கே தெரியும்."

"யாருக்குடா தெரியும்?"

மூன்று வருட மரியாதை அந்த 'டா'வில் போயிற்று. பிடரியைப் பிடித்து முகத்தைப் பானட்டில் மோதினார். இன்னொரு முறை. மூன்றாவது முறை பல் ஒன்று தெறித்தது, வெள்ளைப் பெயிண்ட் சிவந்தது. மாப்பிள்ளை திமிறி, கீழே கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து அவர் விலாவில் வீசினான். எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அப்படியும் விடவில்லை. கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, விரல் முட்டி கிழியும்வரை குத்தினார். மைதானத்து ஆட்கள் நான்கு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

"எனக்கு இந்த வண்டி வேண்டாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர், பத்தடி தள்ளி நின்று.

விலாவைப் பிடித்துக்கொண்டு மகள் வீட்டின் மூன்று மாடியையும் ஏறினார். அவள் கதவைத் திறந்து, அவர் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"உயிரோட இருக்காரா?"

"இருக்கான். பையை எடு. நம்ம வீட்டுக்குப் போகலாம்."

அவள் நகரவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அவர்.

"உங்ககிட்டயாப்பா?"

அதில் கேலி இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. "நான் உங்கம்மா மேல கை வெச்சு நாலு வருஷம் ஆச்சு."

"அம்மா உங்களுக்கு பதில் சொல்றதை விட்டு நாலு வருஷம் ஆச்சுப்பா. அதான்."

"அப்போ எங்க போவ?"

"கூட வேலை பார்க்கிற அக்கா வீட்டு மாடி காலியா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வண்டி விஷயமா வெளியே இருக்கிற இன்னிக்கே போறோம்."

"போறோமா? யாரு?"

உள்ளறையிலிருந்து அவர் மனைவி வந்தாள். ஒரு தோளில் மகளின் பை. இன்னொரு கையில் அவளுடைய சொந்தப் பெட்டி.

"நீ இங்க என்ன பண்ற?" என்றார்.

அவள் பதில் சொல்லவில்லை. கதவை அடைத்து நின்றவர் விலகுவதற்காகக் காத்திருந்தாள். அவர் விலகியதும், மகளை முன்னால் விட்டு, படியிறங்கிப் போனாள்.