மகளுக்கு வாங்கிய பட்டன் போன்

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸானால் போன் வாங்கித் தருவதாக என் கணவர் கட்டாரிலிருந்து மகளுக்கு வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுப்பது லேசு. அதைச் சுமந்துகொண்டு கல்முனை பஸாரில் கடை கடையாக ஏறி இறங்குவது நான்தானே. மகள் பாஸானாள். ஆறாம் வகுப்புக்கு ஊரைத் தாண்டிப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு வேனில் போக வேண்டும், பின்னேரம் டியூஷனுக்கும் போக வேண்டும் என்று ஆனபோது, அந்த வாக்கு என் தலையில் வந்து விழுந்தது.

அந்த நாட்களில் போன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கண் எரியும். நான் ஒரு அரச அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். விடியற்காலையில் சுபஹ் தொழுத பாயைச் சுருட்டுவதற்குள் போன் துடிக்கத் தொடங்கிவிடும். அலுவலகக் குரூப், வேன் குரூப், டியூஷன் குரூப், கூடப் படித்தவர்களின் குரூப், பெண்களின் மார்க்கப் பயான் குரூப். நாலு மணிக்குக் கூட்டம் என்று சொல்வதற்கு ஒருவர் வொய்ஸ் மெசேஜில் ஒரு பயானே செய்வார். டியூஷன் சேர் ஒருவர் வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து அனுப்புவார். அதில் கணக்கை விட அவருடைய கட்டைவிரல்தான் நன்றாகத் தெரியும். இந்த முஸீபத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பதா என்று நினைக்கும்போதே எனக்கு உடம்பு சோர்ந்துவிடும்.

ஆனால் மகள் எதற்காகப் போன் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எங்கள் வீட்டுப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஒரே வளவுக்குள் என் மூத்த சகோதரி ராத்தாவின் வீடும் என் வீடும் இருக்கின்றன. நடுவில் மதில் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கணவர் வீடியோ கோல் எடுத்தால் அது ஒரு ஆளுக்கு வந்த அழைப்பு அல்ல, வளவுக்கு வந்த அழைப்பு. முதலில் ராத்தா ஸலாம் சொல்வா. பிறகு அவ புருஷன், எங்கள் மச்சான். பிறகு அவர்களுடைய பிள்ளைகள் திரைக்குள் தலையை நுழைப்பார்கள். அதன் பிறகு நான். ஒரு கிழமை சேர்ந்த கதையெல்லாம் என்னிடம் இருக்கும்: தண்ணீர் மோட்டர் திரும்பவும் பழுது, அவருடைய தங்கச்சியின் மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், பின்பக்கக் கூரை ஒழுகுகிறது. பாதிக் கதையில் எங்களுக்குள் சண்டை வரும். அதற்குள் அங்கே பலர் தங்கும் அவருடைய அறையில் எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரம் வந்துவிடும்.

மகள் இதற்கெல்லாம் பின்னால் உட்கார்ந்திருப்பாள். தலை வாரி, நல்ல சட்டையொன்று போட்டு, என் முகத்தைப் பார்த்தபடியே இருப்பாள். கடைசியில் போன் அவள் கைக்குப் போகும். நல்லாப் படிக்கிறீங்களா, தொழுறீங்களா என்று அவர் கேட்பார். ஓம் வாப்பா என்பாள். லைன் போய்விடும். கிழமைக்குக் கிழமை இதுதான்.

ஒருநாள் அவள் என்னிடம் நேராகவே சொன்னாள். "எனக்கு கேம் ஒண்டும் வேணா உம்மா. வாப்பாவோட நான் மட்டும் கதைக்கணும்."

அந்தப் பேச்சு என் நெஞ்சில் தைத்தது. தைத்தும் என்ன, ஊர் விடாது. மகளுக்குப் போன் என்ற செய்தி வேலி தாண்டியதும் ஆளுக்கொரு பத்வா வந்தது. பொம்பிளைப் பிள்ளையின் கையில் டச் போன் கொடுப்பது வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவது மாதிரி என்றா ராத்தா. அவவுடைய மூத்தவன் முழு நாளும் போனுக்குள் குடியிருக்கிறான், அதை மறந்துவிட்டுத்தான் சொல்கிறா. பள்ளிவாசல் குத்பாப் பிரசங்கத்திலும் போன்தான் விஷயம் என்று மச்சான் வந்து சொன்னார். பெற்றோர் கூட்டத்தில் ஒரு ஆசிரியை, எங்கோ ஒரு பிள்ளையின் படத்தை யாரோ எடுத்து மாற்றிப் போட்ட கதையைச் சொல்லி எங்கள் எல்லோருடைய வயிற்றிலும் புளியைக் கரைத்தா. வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தால் அங்கேயும் அதே கதைதான், கொஞ்சம் கூடுதல் உப்புப் புளியோடு.

எனக்குப் பயம்தான். பயத்தை விடக் களைப்பு. டச் போன் வாங்கினால் அதை நான் காவல் காக்க வேண்டும். யார் மெசேஜ் அனுப்பினார், எதைப் பார்த்தாள், எத்தனை மணிக்கு வைத்தாள் என்று இன்னொரு வேலை. காலையில் சமைத்து, அலுவலகம் போய், வந்து, மீன் ஆய்ந்து, பாடம் சொல்லிக்கொடுத்து முடிக்கும் ஒருத்திக்கு அந்த வேலையைப் பார்க்க உடம்பில் எங்கே இடம்?

ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பஸாருக்குப் போனேன். மூன்றாவது கடையில் ஒரு பொடியன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து டச் போன்களை வரிசையாக எடுத்து வைத்தான். கெமரா நல்லது, சார்ஜ் நிற்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புகழ். மகள் ஒன்றையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். நான் பட்டன் போன் இருக்கிறதா என்று கேட்டேன். பொடியனுடைய முகம் சுருங்கிப்போனது. கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து மேலே வைத்தான். கறுப்பு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும். டோர்ச் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றான். அதைத் தவிர அவனுக்கும் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

மகள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "இதுல வாப்பா தெரிவாரா?"

கடைக்காரப் பொடியன் சார்ஜர்களை அடுக்கத் திரும்பிவிட்டான். குரல் கேட்கும், முகத்தை என்னுடைய போனில் பார்க்கலாம்தானே என்று நான் சொன்னேன். அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் போன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். அழுதிருந்தால் அதட்டியாவது இருப்பேன். அழாத பிள்ளையை என்ன செய்வது?

அடுத்த வெள்ளிக்கிழமை கணவருக்கு விஷயம் தெரிந்ததும் கோபம் வந்துவிட்டது. பிள்ளையின் முகத்தைப் பார்க்கத்தானே போன் வாங்கச் சொன்னேன், அங்கிருந்து சாதாரண லைனில் கோல் எடுத்தால் எவ்வளவு காசு போகும் தெரியுமா என்றார். அவ்வளவு அக்கறை என்றால் வந்து பிள்ளைக்குக் காவல் இருங்கள் என்று நானும் விடவில்லை. ராத்தாவும் மச்சானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் லைனைத் துண்டித்துவிட்டார். அன்றைக்கு மகளுக்கு அந்த ஓம் வாப்பாவும் கிடைக்கவில்லை. சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றபோது, எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

பின்னேரம் அவளுடைய போன் முதல்முறையாக அடித்தது. அவர்தான், சாதாரண லைனில். அவள் அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று கதைத்தாள். கொஞ்ச நேரம்தான். வந்ததும் வாப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒண்டுமில்ல என்றாள். அவளை நான் பெற்ற நாளிலிருந்து, நான் அறியாத ஒரு பேச்சு அவளுக்கு இருந்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு மிஸ்கோல் தொடங்கியது. பொழுது பட்டு மஃரிப் தொழுது முடிய, அவர் வேலையால் இறங்குகிற நேரம், மகளுடைய போன் கொஞ்சம் அடித்துவிட்டு நிற்கும். அவள் எடுக்க மாட்டாள். நின்ற பிறகு போனைக் கொப்பியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் படிக்கத் தொடங்குவாள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், எடுத்தால் வாப்பாவுக்குக் காசு போகும் என்றாள். நான் சிரித்துவிட்டேன். எங்கள் கரை முழுக்க மிஸ்கோலில்தானே ஓடுகிறது! வேன்காரர் மிஸ்கோல் அடித்தால் வாசலுக்கு வா என்று அர்த்தம். மச்சான் கடற்கரையிலிருந்து அடித்தால் தோணி வந்துவிட்டது, பாத்திரத்தைக் கொண்டு வா என்று அர்த்தம். கட்டாரிலிருந்து வாப்பா அடித்தால் சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தமாக இருக்கும் என நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையும் வந்தது, மறைப்பானேன். எனக்கு அவர் கோல் எடுப்பது மோட்டருக்கும் கூரைக்கும்தான்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள். அலுவலகத்தில் கணக்காய்வு. காலையிலிருந்து கோப்புகளைத் தேடித் தேடிக் கொடுத்து, நனைந்துகொண்டு வீடு வந்தேன். மஃரிப் தொழுதுவிட்டு அப்படியே கதிரையில் சாய்ந்தேன். மகள் கணக்குச் செய்ய ராத்தா வீட்டுக்குப் போயிருந்தாள். மேசையில் அவளுடைய போன் அடித்தது. கண்ணாடி போடாத கண்ணுக்கு அந்தச் சின்னத் திரையில் எதுவும் தெரியவில்லை. டியூஷன் சேர் நேரத்தை மாற்றியிருப்பார் என்று நினைத்துப் பச்சைப் பட்டனை அழுத்திக் காதில் வைத்தேன்.

கணவருடைய குரல். ஸலாம்கூட இல்லை. "மகள்? என்ன மகள், உம்மாக்கு என்ன?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பக்கம் வாகனச் சத்தம். அவருக்கு மூச்சு வாங்கியது. "பயப்பட வேணா. பெரியும்மாவக் கூப்பிடுங்க. உம்மா கண் முழிச்சிரிக்காவா?"

அப்போதுதான் விளங்கியது. கிணற்றடியில் நின்று மகள் பேசி முடித்த ஒப்பந்தம் அது. உம்மா வேலையால் வந்தால் ஒன்றும் கதைக்கிறாவில்லை, சும்மா படுத்துக் கிடக்கிறா, ஒவ்வொரு நாளும் நீங்கள் அடியுங்கள், உம்மாவுக்கு ஏதும் என்றால் மட்டும் நான் எடுப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். முழுவதையும் பிறகு அவளே என்னிடம் சொன்னாள். வாப்பாவோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்று கேட்டுப் போன் வாங்கிய பிள்ளை, கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில் கதைத்தது என்னைப் பற்றி. அவரும் தினமும் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் அடித்து, யாரும் எடுக்கவில்லை என்று நிம்மதியாகப் போயிருக்கிறார்.

"நான்தான்" என்றேன்.

"நீயா?" என்றார். மகளுக்கு என்ன என்று அடுத்துக் கேட்டார். ஒன்றுமில்லை, ராத்தா வீட்டில் படிக்கிறாள் என்றேன். அப்படியென்றால் ஏன் எடுத்தாய் என்றார். வேறொரு நாளென்றால், ஏன், நான் எடுக்கக் கூடாதா என்று தொடங்கியிருப்பேன். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சண்டை பிடிக்கவும் உடம்பில் சத்து வேண்டுமே.

"எனக்கு நல்லாக் களைச்சுப் போச்சு" என்றேன். கல்யாணம் முடித்த இத்தனை வருஷத்தில் அதை அவரிடம் நான் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்தது.

அவர் போனை வைக்கவில்லை. பஸ் ஒன்று வந்து நின்று, யாரோ அவரைக் கூப்பிட்டு, பிறகு அது புறப்பட்டுப் போவதும் கேட்டது. காசு போகுது, வைங்க என்றேன்.

"போனாப் போகட்டும்" என்றார். "நீ கதை."