முகமூடியைக் கழற்றாத ஆட்டம்

போன சனிக்கிழமை ரண்டர்ஸ் நகரில் பழைய சாமான் கடை ஒன்றில், கூடைக்குள் கிடந்த கம்பிவலை முகமூடியை எடுத்து மோந்து பார்த்தேன். யாராவது கண்டிருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். துருவும் ஊரார் வியர்வையும் கலந்த மணம். பதினேழு வயதுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் ஜிம்னாசியத்தில், அதுதான் இங்கே மேல்நிலைப் பள்ளி, மாணவர்களே நடத்தும் விளையாட்டுக் கழகங்கள் இருந்தன. எனக்குப் பனிச்சறுக்கில்தான் ஆசை. மலையே இல்லாத இந்த டேனிஷ் நாட்டிலிருந்து அதற்கு நோர்வேக்குப் போகவேண்டும். அகதிப் பத்திரத்தோடு எல்லை தாண்ட அப்பா விடமாட்டார். நீச்சல் என்று வாயே திறக்க முடியாது. மிஞ்சியது வாள்வீச்சு. "கழுத்திலயிருந்து கால் மட்டும் மூடின உடுப்பப்பா, முகமும் தெரியாது" என்று சொல்லி அனுமதி வாங்கினேன். கன்னியாஸ்திரிகூட அவ்வளவு மூடியிருக்கமாட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பா சிறுவயதிலேயே கடலுக்குப் போனவர். டேனிஷில் வரும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன். ஆனால் வராத கடிதத்தை எப்படி வாசிப்பது? மன்னாரிலிருந்து அம்மாவையும் தம்பியையும் கூப்பிட விண்ணப்பம் போட்டு அது இரண்டாவது குளிர்காலம். ரேடியோவில் மன்னார் என்ற பெயர் வந்தால் அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவார்.

அந்த நேரம் பார்த்து உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கழகத்தைப் படம் எடுக்க வந்தார். கழகத் தலைவி லிஸ, கடைசி வருட மாணவி, என்னை முன்னுக்குத் தள்ளினாள். நானும் முகமூடியை உயர்த்தி, வாளை நீட்டி, பெரிய வீராங்கனை மாதிரி நின்றேன்.

அடுத்த நாள் இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து அப்பா அந்தப் படம் வந்த பக்கத்தை மடித்துக்கொண்டு வந்தார். கூடவே மேல்மாடி யோசப் அண்ணை. அவரும் மனைவிக்காகக் காத்திருந்தவர்.

"இதென்ன பிள்ளை, வாளும் கையுமா? பேரும் போட்டிருக்கு. விசா குடுக்கிறவங்கள் கண்டால் இயக்கத்தில பயிற்சி எடுத்தவள் எண்டெல்லே நினைப்பாங்கள்," என்றார் யோசப் அண்ணை.

"விளையாட்டு வாள் அண்ணை. நுனியில குத்தாத மாதிரி மொட்டு இருக்கு."

"படத்தில மொட்டுத் தெரியுதே?"

தெரியவில்லை.

"கொம்மா அங்க கிடக்கிறா," என்றார் அப்பா. "நீ அதை விடு."

அந்த வாரச் சனிக்கிழமை வைலே நகர மாணவர்களோடு போட்டி. நான் இல்லாவிட்டால் அணிக்கு ஆள் போதாது. சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், அழுதும் பார்த்தேன். கடைசியில், "சரி, போ. முகத்தை மட்டும் ஒருத்தருக்கும் காட்டாத" என்றார்.

நான்குக்கு நான்கு. கடைசிப் புள்ளியில் அணியின் வெற்றியே தங்கியிருந்தது. அதே பத்திரிகைக்காரர் சுவரோரம் நின்றார். எதிராளி பாய்ந்தாள், விலகிக் குத்தினேன், புள்ளி காட்டும் விளக்கு என் பக்கம் எரிந்தது.

வாள்வீச்சில் ஒரு முறை உண்டு. ஆட்டம் முடிந்ததும் முகமூடியைக் கழற்றி, வாளால் வணங்கி, எதிராளிக்குக் கைகொடுக்க வேண்டும். நான் மூடிய முகத்தோடு வணங்கினேன்.

"முகமூடியைக் கழற்று," என்றார் நடுவர்.

அசையவில்லை. கமரா உயர்ந்தது.

லிஸ ஓடிவந்தாள். "என்ன செய்கிறாய்? வென்றுவிட்டோம், கழற்று."

கம்பிவலைக்குள் என் மூச்சுச் சூடு என் முகத்திலேயே அடித்தது. நடுவர் மூன்றாம் முறையும் சொன்னார். பிறகு ஆளை வெளியேற்றும் கறுப்பு அட்டையைத் தூக்கினார். புள்ளி போனது, போட்டியும் போனது. திரும்பும் பஸ்ஸில் லிஸ என் பக்கத்தில் இருக்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அம்மாவும் தம்பியும் வந்து சேர்ந்தார்கள். இன்னும் சில வருடம் கழித்துத்தான் தொலைக்காட்சியில் அரசாங்கத்தின்மேல் நடந்த விசாரணையின் முடிவு வந்தது: தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்களை மேலிடத்திலேயே வேண்டுமென்று கிடப்பில் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு வசனம் வசனமாகச் சொன்னேன்.

"அப்ப எங்கட பத்திரத்தை எடுத்துப் பாக்கவேயில்லையோ?"

"எல்லாற்றையும் அப்பிடியே வைச்சிருந்திருக்கினம் அப்பா."

"உன்ர படத்தை?"

"அதை ஆர் பாத்தது."

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அப்பா தொடவில்லை. "அந்த வாள் கழகம் இப்பவும் இருக்கோ?" என்று கேட்டார்.

லிஸ படிப்பை முடித்துக்கொண்டு போன அந்த வருடமே கழகத்தை மூடிவிட்டார்கள். வாள்களை எங்கோ கொடுத்துவிட்டார்கள். நாங்கள் உடுப்பு மாற்றிய அறையில் கணினிகள் வந்துவிட்டன.

"ஓம் அப்பா," என்றேன். "இருக்கு."