முதல் சீட்டில் ஒரு துண்டு

பத்தாம் வகுப்பில் எனக்கு இங்கிலீஷ் போயிற்று, என் சிநேகிதிக்குக் கணக்கு. அந்த வருஷம் ஏரியூரில் எங்கள் தெருவில் ஃபெயிலான பெண்கள் நாங்கள் இருவர்தான். எண்பத்தைந்தோ ஆறோ இருக்கும். தருமபுரி டுட்டோரியலுக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்தோம்.

அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். "இந்த வாட்டியும் போச்சுன்னா உன் மாமனுக்கே பேசி முடிச்சிருவேன். அப்புறம் அழுவக் கூடாது."

மாமன் அம்மாவின் தம்பி. நல்ல மனுஷன்தான். ஆனால் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவரை எப்படிக் கட்டிக்கொள்வது? எனக்கு டீச்சராக வேண்டும். இங்கிலீஷ் ஒன்றுதான் குறுக்கே நின்றது.

டுட்டோரியல் வாத்தியார் போர்டில் எஸ், வி, ஓ என்று மூன்று எழுத்தை எழுதி அடிக்கோடு போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுவாய், பயனிலை என்று தமிழில் சொன்னால் வாயா வலிக்கும்? நான் எழுதுவதெல்லாம் 'ஐ ரைஸ் ஈட்' ரகம். அதை ஒருநாள் உரக்க வாசித்து வகுப்பையே சிரிக்க வைத்தார் அந்தப் புண்ணியவான்.

அன்று திரும்பும்போது உம்மென்று உட்கார்ந்திருந்தேன். அவள்தான் பேச்சை எடுத்தாள். பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே அவள் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. பஸ்ஸைப் பார்த்தே வளர்ந்தவள்.

"இங்கிலீஷ்ல சீட்டெல்லாம் ரிசர்வுடி. மொத சீட்டு வேலை செய்யறவனுக்கு. ரெண்டாவது அந்த வேலைக்கு. உன் சோறெல்லாம் பின்னாடி போயி உக்காரணும்."

"அப்ப தமிழு?"

"அது நம்மூரு டவுன் பஸ்ஸு. எவன் எங்க வேணா உக்காரலாம். வேலை மட்டும் கண்டக்டராட்டம் கடைசில ஏறும்."

சிரித்துவிட்டேன். அன்றைக்கே சோறு தன் இடத்துக்குப் போனது. மழைதான் மக்கர் பண்ணியது. 'இஸ் ரெய்னிங்' என்றே எழுதினேன். பெய்கிறது என்றால் மழைதானே, வேறு யார் பெய்வது என்று சண்டைக்குப் போனேன்.

"ஆளே இல்லன்னாலும் மொத சீட்டு காலியா கெடக்கக் கூடாதுடி. 'இட்'டுன்னு ஒரு துண்டப் போட்டு வை."

எங்கள் ஊர்க்காரிக்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு? பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிவோம். துண்டு கிடந்தால் ஆள் உட்கார்ந்த மாதிரிதான். எப்பேர்ப்பட்டவரும் தொடமாட்டார். பதிலுக்கு நான் அவளுக்கு ஜியோமெட்ரி சொல்லிக்கொடுத்தேன். அவளும் தேறித்தான் வந்தாள்.

பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தபோது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கிருஷ்ணகிரி மாப்பிள்ளை. படித்தது போதும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நான் தனியாகப் போய் வந்தேன்.

இங்கிலீஷ் பரீட்சையன்று பார்த்துச் சந்தை நாள். மூட்டையும் கோழிக்கூடையுமாகக் கூட்டம் பஸ்ஸின் மேல் பாய்ந்தது. நான் படிக்கட்டை எட்டும்போது கண்டக்டர் கையை நீட்டி மறித்தார்.

"எடமில்லம்மா. அடுத்த வண்டில வா."

அடுத்த வண்டியில் போனால் பரீட்சை முடிந்துவிடும். அப்போதுதான் பஸ்ஸின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"அந்தப் புள்ளைக்குச் சீட்டு போட்டிருக்குங்க. ஏத்திக்கோங்க."

முக்காடு நழுவ, மூச்சு வாங்க நின்றிருந்தாள். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் அவள் அப்பாவின் கட்டம் போட்ட துண்டு கிடந்தது. கண்டக்டர் முனகிக்கொண்டே வழிவிட்டார். ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் வாடி" என்று உளறினேன்.

"எனக்கெதுக்குடி? நீ போயி நல்லா எழுது" என்று கையை உருவிக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள்.

துண்டை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். பாஸாகிவிட்டேன். டீச்சரும் ஆனேன். மாமனுக்கும் வேறிடத்தில் நல்ல பெண் கிடைத்தாள். நான் இன்று உட்காரும் நாற்காலி அவள் பிடித்துக் கொடுத்தது. இதை நான் யாரிடமும் சொல்லத் தயங்கியதே இல்லை.

வருஷா வருஷம் 'இட்' பாடம் வரும்போது பிள்ளைகளுக்கு இந்தத் துண்டுக் கதையைச் சொல்வேன். ஒரு தடவை கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"அவுங்க எந்த சீட்டுல உக்காந்தாங்க டீச்சர்?"

"அவ ஏறவே இல்லம்மா" என்றேன். அதற்குமேல் அந்தப் பீரியடில் என்னால் பாடம் நடத்த முடியவில்லை.